செவுள் வைத்த சிவப்புக் கார்

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் அந்தக் காரைக் கண்டேன். நாம் பார்த்த அதே கார்தான் என்று சொல்ல மாட்டேன். அதே வகை. சிவப்புக்கு மேல் யாரோ வெள்ளை அடித்து, முகப்பில் ரோசாப்பூ மாலை கட்டி, மாப்பிள்ளையை இறக்குவதற்காக வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கதவு விளிம்பில் பழைய சிவப்பு இன்னும் தெரிந்தது. பெடியன்கள் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கவாட்டில் நின்று, கதவிலிருந்து பின்சில்லு வரைக்கும் ஓடுகிற அந்த நீண்ட வெட்டுகளைப் பார்த்தேன். "இதுக்கு எதுக்குச் செவுள்?" என்ற உன் கேள்விதான் முதலில் மனதில் வந்தது. என் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது.

நீ மெல்பேர்னில் காலமாகி அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம். உன் மகள் இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் காட்டினாள். நான் அழவில்லை. படம் இடையிடையே நின்று நின்று வந்தது. அதைச் சரிப்படுத்துவதிலேயே என் பாதிக் கவனம் போய்விட்டது. இதை உன்னிடம் சொன்னால் நீ கோபிக்க மாட்டாய். "படம் தெளிவா இல்லாட்டி யாருக்குத்தான் அழுக வரும்?" என்று கேட்டிருப்பாய்.

நம்மைச் சேர்த்தது கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு அருகே, இறக்குமதிச் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தவள். நீ கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் பின்னால் பிறந்து, தமிழில் செபம் சொல்லி, சிங்களத்தில் சண்டை பிடித்து வளர்ந்தவள். நான் உன்னை "நீர்" என்றேன். நீ என்னை "நீங்க" என்றாய். ஒருவரின் மரியாதை மற்றவருக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இரண்டுமே "நீ" ஆகிவிட்டன.

எதைப் பார்த்தாலும் அதன் தோற்றத்தைப் பற்றி உனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். முகாமையாளரின் கழுத்துப்பட்டி, கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியில் எழும்பிய புதிய வங்கிக் கட்டிடம், பஸ்ஸின் பக்கத்தில் கீறியிருந்த கழுகு, எதையும் நீ விட்டதில்லை. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நீ ஒன்றைக் கூடாது என்றால் அதில் நல்லது என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்குவேன். அதனால்தான் நம் சிநேகம் நீண்டது என்று நினைக்கிறேன்.

அப்படியான நேரத்தில்தான், நாம் இன்னும் "நீ"க்கு வராத நாட்களில், அந்தக் கார் வந்தது. பெரிய ஆடைத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து இறக்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்த அன்று, உரியவரிடம் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால், நம் அலுவலக முற்றத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிப் போய் ஆவென்று பார்த்தோம். பிற்பாடு எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

"முன்பக்கம் நல்லா இருக்கு" என்றாய். "கத்தி மாதிரிக் கீழ இறங்குது. எங்கயும் தயங்கல்ல. ஆனா இந்தப் பக்கத்தப் பாருங்களேன். மீன் சந்தையில பெரிய பாரைய வெட்டிப் போட்ட மாதிரி. இதுக்கு எதுக்குச் செவுள்?"

"அந்த வெட்டு இல்லாட்டி இந்தப் பக்கம் வெறும் தகரம்" என்றேன். "கண் எதைப் பிடிச்சுக்கொண்டு போறது? அதுதான் இந்தக் காரின்ர வடிவே."

"வடிவம்னு சொல்றீங்களா, அழகுன்னு சொல்றீங்களா?"

"எங்கட ஊரில ரெண்டும் ஒண்டுதான்."

நீ அதை நம்பவில்லை. ஒரு பொருளின் உருவத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவர்களோடு எப்படி வாதாடுவது என்று கேட்டாய். ஆனால் வாதாடினாய். மாதக்கணக்காக. முகப்பு விளக்குகள் மூடியிருந்து, தேவைப்படும்போது மேலே எழும்பும். தவளை முழிப்பதுபோல் இருக்கிறது என்றேன். தூங்கி எழும்பும்போது மனுசரும் அப்படித்தான் என்றாய். கூரை அவ்வளவு பதிந்திருப்பது அகங்காரமா அடக்கமா என்று ஒரு மதியச் சாப்பாடு முழுவதும் பேசினோம். ஒரேயொரு விசயத்தில்தான் ஒத்துப்போனோம். பின்பக்கத்தின் மேலே, இரண்டு கால் வைத்து, குறுக்கே ஒரு பலகை பொருத்தியிருந்தார்கள். காற்றை அமுக்கவாம். "பின்னால ஆர் இருக்கிறதுக்கு இந்த வாங்கு?" என்று நான் கேட்டதும், அன்று முழுவதும் தட்டச்சு இயந்திரத்துக்கு மேல் குனிந்து குனிந்து சிரித்தாய். அதற்குப் பிறகு உனக்கும் அது பலகையல்ல, உட்காருகிற வாங்குதான்.

மற்ற மேசைகளில் அப்போது என்ன பேச்சு நடந்தது என்று உனக்குத் தெரியும். யாரை எங்கே பிடித்தார்கள், கொழும்பில் தங்குவதற்கான யாருடைய பொலிஸ் பதிவு முடிகிறது, எந்த வீட்டில் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அறை கொடுக்கிறார்கள். உன் அண்ணனை ஒரு சுற்றிவளைப்பில் மட்டக்குளியில் வைத்து ஏற்றிக்கொண்டுபோய், பல வாரங்களுக்குப் பிறகு விட்டிருந்தார்கள். அவர் அதற்குப் பிறகு கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை என்று ஒரு தரம் சொன்னாய். அதற்கு மேல் சொல்லவில்லை. உடனே காரின் கண்ணாடியைப் பற்றிப் பேசத் தொடங்கினாய்.

நகரத்தில் குண்டு வெடித்து ஒரு கிழமை இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ என் அறைக்கு வந்திருந்தாய். கடற்கரைப் பக்கம் நடப்போம் என்று இறங்கினோம். காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகும் ஒரு ஒழுங்கையில், பெரிய வீடொன்றின் மதிலோரம், வெயிலில் அந்தச் சிவப்புக் கார் நின்றது.

நீ முதலில் நின்றாய். பிறகு குந்தினாய். "இங்க வந்து கீழயிருந்து பாரு. நின்னு பாக்கிறதுக்குச் செஞ்சதில்ல இது." நானும் குந்தினேன். நீ சொன்னது சரிதான். கீழேயிருந்து பார்த்தால் முழுக் காரும் ஒரே இழுப்பில் கீறிய கோடு மாதிரி இருந்தது. நான் மற்றப் பக்கம் சுற்றிப் போய், என் வெட்டுகளில் வெயில் விழுவதைக் காட்டினேன். நீ வாங்கை விரலால் சாண் பிடித்துப் பார்த்தாய்.

வாகனங்களில் குண்டு வைக்கும் காலத்தில், இரண்டு தமிழ்ப் பெண்கள் ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்து அடியில் எட்டிப் பார்த்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. வீட்டுக் காவலாளி விசில் ஊதினான். சந்தியில் நின்ற பொலிஸ்காரர்கள் துவக்கோடு ஓடிவந்தார்கள். ஒரு பெண் பொலிஸ் நம் இரண்டு பேரையும் மதிலோடு நிற்கவைத்துத் தடவிப் பார்த்தாள். ஜீப்பில் ஏற்றும்போது ஒழுங்கையின் எல்லா ஜன்னல்களிலும் முகங்கள் இருந்தன.

பொலிஸ் நிலையத்தில் நம்மைத் தனித்தனியாக விசாரித்தார்கள். ஆங்கிலம் தெரிந்த அதிகாரி ஒருவர் முதலில் உன்னைக் கூப்பிட்டார். பிறகு என்னை.

"காரில் என்ன பார்த்தாய்?"

"அதன் பக்கவாட்டை. அந்த வெட்டுகள் நல்ல வேலைப்பாடு."

"உன் கூட்டாளி அது அசிங்கம் என்கிறாள். நீ அழகு என்கிறாய். யார் பொய் சொல்வது?"

"ஒருவரும் பொய் சொல்லவில்லை, சேர். நாங்கள் இதைப் பற்றி எப்போதும் சண்டைதான்."

அவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதைவிட அவருக்கு வேறெதுவும் முக்கியமாகப் படவில்லை.

அவர் வெளியே வந்து உன்னோடு சிங்களத்தில் கதைத்தது எனக்குக் கேட்டது. முழுக்க விளங்கவில்லை. பின்னர் நீதான் சொன்னாய், அவர் உன்னை "நங்கி", அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டதையும் சேர்த்து.

"நங்கி, நீ போகலாம். கொழும்புப் பிள்ளை. வீட்டில தேடுவாங்க."

"அவ?"

"அவவ விசாரிக்கணும்."

"அப்ப நானும் இருக்கேன்."

"உன்ன இருக்கச் சொல்லல்லையே."

"போகணும்னும் இல்லத்தானே, சேர்?"

பாதி திறந்த கதவால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ எழுந்தாய். வெளிவாசல் திறந்துதான் இருந்தது. நீ கதிரையை இழுத்து, கதவுக்கு நேரே பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தாய். உன் அண்ணனுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்தாய்.

கார்ச் சொந்தக்காரரை அழைத்திருந்தார்கள். செருப்புக் காலோடு, விருந்துக்கு வந்தவர்களை விட்டுவிட்டு வந்த எரிச்சலோடு வந்தார். அதிகாரி என்னையும் உன் பக்கத்துக்குக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார். அவர் நம்மைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "என் காரில் அப்படி என்ன பார்த்தீர்கள்?"

நான் வெட்டுகளைப் புகழ்ந்தேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. உன் பக்கம் திரும்பினார். நீ முன்பக்கத்தைப் பற்றி நல்லதாகத்தான் தொடங்கினாய். நல்லபடி முடிக்கப்போகிறாய் என்று நம்பினேன். "ஆனா அந்தப் பின்பக்கப் பலகை ரொம்ப அசிங்கம்" என்றாய்.

"அதற்கு மட்டும் வாங்கும்போதே தனியாகக் காசு கொடுத்துப் பொருத்தினேன்" என்றார் அவர்.

"தெரியுது. மத்ததச் செஞ்சவன் அதச் செஞ்சிருக்க மாட்டான்."

நான் தமிழில், உதடு அசையாமல், "நல்லா இருக்கெண்டு சொல்லன்" என்றேன்.

"ஏன்டி, எனக்கு அப்படித் தோணல்லையே" என்றாய். அதுவும் சத்தமாக.

அவர் முகம் சிவந்தது. என்னிடம் திரும்பி, "உனக்கு?" என்றார். பொய் சொல்ல வாய் திறந்தேன். உன் கண் என்மேல் இருந்தது. "அந்த ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே கருத்து, சேர்" என்றேன்.

பிறகு அவர் அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். குண்டு வைக்க வந்தவர்கள் என்றால் காரைப் புகழ்ந்திருப்பார்கள், இதுகள் வெறும் வாயாடிகள் என்றாராம்; இதையும் நீதான் பிறகு சொன்னாய். அலுவலகத்தின் பெயரைக் கேட்டு, தன் காரை அங்கேதான் எடுத்தது என்பதையும் சொன்னார். நம்மீது இரக்கப்பட்டார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். நம்மைத் திரும்பிப் பார்க்காமலே போனார். என் வீட்டுக்கார அம்மா வந்து, நான் அங்கே குடியிருப்பதை உறுதிப்படுத்தியதும் என்னையும் விட்டார்கள். அதுவரை நீ அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

வெளியே வந்ததும் காலி வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடைக்குள் நுழைந்தோம். நீ தூக்கிய பிளேன்டீ பாதிக்கு மேல் தட்டில் சிந்திவிட்டது. நானா ஒன்றும் கேட்காமல் இன்னொன்று கொண்டுவந்து வைத்து, மின்விசிறியை நம் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். நீ அதையும் தூக்க முடியாமல் குனிந்து, மேசையில் வைத்தபடியே குடித்தாய்.

அதற்குப் பிறகு நாம் அந்தக் காரைப் பற்றிக் கதைக்கவில்லை. எந்தக் காரைப் பற்றியும் கதைக்கவில்லை. வீதியோரம் நல்ல வாகனம் நின்றால் நீ மற்றப் பக்கம் கடந்தாய். பஸ்ஸில் தமிழ் பேசும்போது உன் குரல் இறங்கியது. அதற்கு முன் உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. மதியச் சாப்பாட்டில் கழுத்துப்பட்டிகளும் கட்டிடங்களும் வந்து போயின. ஆனால் பழைய வேகம் இல்லை. அந்தப் பின்னேரத்தோடு நம்மிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று யாராவது கேட்டிருந்தால், இதைத்தான் சொல்லியிருப்பேன். கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. பெரிய இழப்புகளையே சொல்லி முடியாத காலம் அது.

ஒரேயொரு தரம், அடுத்த வருடம், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சிவப்புக் கார் நெரிசலில் நின்றது. பின்பக்கம் வெறுமையாக, வழுவழுவென்று இருந்தது. அலுவலகப் படியேறி, கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாய்: "கழட்டிட்டான்டி." அன்று நாம் சிரித்த சிரிப்புக்கு முகாமையாளர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு உன் கல்யாணம், மெல்பேர்ன், பெருநாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மற்றவர்களுடைய சிநேகங்கள் போனது போலத்தான் நம்முடையதும் போனது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் மகளுக்குப் பொலிஸ் நிலையக் கதை தெரியாது என்பது சடங்குக்குப் பின் பேசியபோதுதான் விளங்கியது. சொன்னேன். வாங்குக் கதைக்குச் சிரித்தாள். அம்மா ஏன் போகவில்லை என்று கேட்டாள். தெரியாது என்றேன். நீ சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

ஆனால் நீ அன்று அந்தக் கதிரையில் இருந்ததிலிருந்து என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், மாதா கோயில்களில் குண்டு வெடித்து, ஊரே முஸ்லிம் சனத்தைச் சந்தேகத்தோடு பார்த்த ஒரு மாதத்தில், ஏதோ ஒரு பத்திரத்துக்காக அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். என் அலுவல் முடிந்தது. எனக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு இளம்பெண், தனியாக. அவளிடம் பெயரை இரண்டு தரம் கேட்டார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரக் காணோம். அவள் ஒருவரையும் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்க வேலை முடிஞ்சிருச்சே, போகலாம்" என்று எழுதுவினைஞர் சிங்களத்தில் சொன்னார்.

"ஓம், தெரியும்" என்று தமிழில் சொல்லிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.