கிழக்கு கேலரி, பதினான்காம் வரிசை, முப்பத்திரண்டாம் இருக்கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் முதுகுவலியும் அம்மாவின் வாயும் குறைவில்லாமல் இருக்கின்றன, ஆகவே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள். நீயும் சௌக்கியம் என்று ஃபோனில் சொல்கிறாய், ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூன்று தடவை இருமினாய், நான் கவனித்தேன். இணையத்தில் தேடி நீயே வைத்தியம் பார்த்துக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டு. ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்க வேண்டுமாம். அதோடு, ஃபோனில் நான் எதை ஆரம்பித்தாலும் சண்டையில்தான் முடிகிறது, காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

படிவம் கால்பந்து மைதானத்தில் நம் இரண்டு இருக்கைகளைப் பற்றியது. நீ போனதுமே உன் இருக்கையை நான் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, நான்கு வருஷமும் உன் சீசன் கார்டையும் சேர்த்துத்தான் புதுப்பித்து வந்தேன். இந்த வருஷம் கிளப்காரர்கள் விலையை ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏற்றிவிட்டார்கள். புது மேற்கூரை போட்டார்களாம், அந்தக் கூரை வெயில் அடிக்காத மேற்குப் பக்கத்துக்கு, பணம் வெயிலில் காயும் நம்மிடமிருந்து. நம் வரிசையை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. மூன்று பையன்களோடு வரும் தையல்காரர் விலை ஏறியதுமே நின்றுவிட்டார், நான்கு பேரும் ஒரு ஆட்டத்துக்கு வருகிற செலவில் கடைக்கு ஒரு மாதம் நூல் வாங்கலாம் என்று என்னிடம் சொன்னார். பின்னால் உட்கார்ந்து உன் தலையில் கடலைத் தோல் போட்டுக்கொண்டிருந்த பெயின்டர், மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். நாற்பத்தெட்டு இருக்கை உள்ள வரிசையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் இடைவேளையில் ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா, இன்று வந்திருக்கும் ரசிகர்கள் பதினெட்டாயிரத்து நானூறு பேர், அனைவருக்கும் நன்றி என்று. எதிர்ப்பக்க கேலரியில் இருக்கைகளின் நீலம் பளிச்சென்று தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே அந்த நன்றியைக் கேட்க வேண்டும்.

உன் அப்பா இருபத்தேழு வருஷமாகக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் துறைத் தலைவராக்கினார்கள், அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன், ஆனால் தலைகளை எண்ண எனக்குப் பதவி வேண்டியதில்லை. இந்த சீசன் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்திலும் கேலரி கேலரியாகப் பிரித்து எண்ணினேன். ஒரு தடவைகூட ஒன்பதாயிரத்தைத் தாண்டவில்லை. அதைப் பத்திரிகைக்கு எழுதினேன். ஆளே வராத இருக்கையையும் ஆள் என்று அறிவிப்பது பொய், அந்தப் பொய்யைக் காட்டித்தான் இவ்வளவு கூட்டம் வருகிறதே என்று விலையை ஏற்றுகிறீர்கள் என்று கடைசியில் காரமாகவே முடித்திருந்தேன். ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் போட்டார்கள். கல்லூரியில் எல்லாரும் கைகொடுத்தார்கள், துறைத் தலைவரைத் தவிர. எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு நாள் நல்ல தூக்கம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உன் மாமா வந்தார். அவர் இப்போது கிளப்பில் டிக்கெட் பிரிவுக்கே அதிகாரி. என்னிடம் கணக்கு டியூஷன் படித்து முப்பத்தெட்டு மார்க் வாங்கியவர் என்னிடமிருந்து எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்கிறார், காலத்தைப் பார். உன்னை அவ்வளவு தூரத்து ஊரில் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான் என்பதால், நாங்கள் நான்கு வருஷமாக மழையையும் வெயிலையும் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறோம். அன்று அவர் மழையைப் பற்றிப் பேசவில்லை. “மச்சான், உங்க லெட்டரை எங்க முதலாளி எல்லாருக்கும் காப்பி எடுத்துக் குடுத்திருக்காரு. நீங்க எண்ணினது சரிதான், நான் இல்லேங்கலை. நாங்க சொல்றது வித்த டிக்கெட்டு, வந்த ஆளு இல்லை. ஆனா எனக்கு ஒரே ஒரு சின்ன சந்தேகம்” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கிழக்கு கேலரி, பதினான்காம் வரிசை, முப்பத்திரண்டாம் இருக்கை, உன் பெயர். அறுபத்தொரு ஆட்டம், அறுபத்தொரு தடவையும் கார்டு வாசலில் பதிவாகியிருக்கிறது. அது பதிவாகி நாலே விநாடியில் என் கார்டு. “நாலு செகண்டுல ரெண்டு பேரு உள்ள போகணும்னா ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் ஏறிக்கிட்டுதான் போகணும். அவ்ளோ தூரத்துல இருந்து பறந்து வந்து உங்க தோள்ல உக்காந்துட்டுப் போறாளா அவ?” என்றார். உன் அம்மா சிரித்தாள். அப்புறம் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கேட்டது மாமாவிடம் இல்லை, என்னிடம். “இன்னும் அவ சீட்டுக்குக் கட்டிக்கிட்டிருக்கீங்களா?”

நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஆறு ஆட்டம் கார்டு பதிவாகவில்லை என்றால் இருக்கையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒரு விதி இருக்கிறது. அதனால் வாசலுக்குப் போனதும் முதலில் உன் கார்டைக் காட்டுவேன், ஆள் நுழையும் சுழல் கம்பியை ஒரு சுற்று வெறுமனே தள்ளுவேன், பிறகு என் கார்டைக் காட்டி நான் உள்ளே போவேன். உட்கார்ந்ததும் என் பையை உன் இருக்கையில் வைத்துக்கொள்வேன். விதிக்காகச் செய்தேன் என்றுதான் எனக்கே சொல்லிவந்தேன். ஆனால் மாமா விரலை வைத்துக் காட்டிய முதல் வரியின் தேதி நீ கிளம்பிய நாள். “சாயந்திரம் மூணு நாப்பத்திரெண்டு. அதே நேரத்துக்கு நான் அவளை ஏர்போர்ட்ல இறக்கி விட்டுட்டு பெட்டியைத் தள்ளிக்கிட்டிருக்கேன் மச்சான். நீங்க வருவீங்களான்னு அவ திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா” என்றார். இந்த விஷயத்தை நீ ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. அன்று ஆறு ஆட்ட விதியெல்லாம் என் நினைவிலேயே இல்லை. இரண்டு கார்டும் எப்போதும்போல் சட்டைப் பையில் இருந்தன, கை பழக்கத்தில் இரண்டையும் எடுத்தது, வாசல் காவலர், எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடும் அந்தப் பழைய பஸ் டிரைவர், “எங்க சார் பொண்ணைக் காணோம்?” என்றார். பின்னாடி வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேட்பார், நானும் பின்னாடி வருகிறாள் என்பேன், அவர் தலையாட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், நான் கம்பியைத் தள்ளுவேன். அன்று நான் உன்னை வழியனுப்ப வந்திருக்க வேண்டும். என்னைக் கேட்காமல் முடிவு செய்தாய் என்ற கோபம். அந்தக் கோபத்தில் போய் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தில் எத்தனை கோல் விழுந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஆக, கிளப்பின் பொய்யை எண்ணிக் காட்டப் போனவன், நான்கு வருஷமாக அந்தப் பொய்யில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை உன் மாமா நீட்டி முழக்கிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அதற்காக அவரைப் பாராட்ட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அவர் சொன்னது இதுதான். முதலாளி இப்போது எல்லா வாசல் பதிவையும் தோண்டுகிறார், நீ ஊரில் இல்லாதது தெரிந்தால் முதலில் வேலை போவது கேப்டனுக்கு. “இருபதாம் தேதிக்குள்ள சீட்டை ஒண்ணு திருப்பிக் குடுங்க, இல்லே நிஜமா வர்ற ஆளு பேருக்கு மாத்துங்க. மாறின சீட்டோட பழைய கணக்கை யாரும் கேக்க மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன். ரெண்டுக்கும் அவ கையெழுத்து வேணும்” என்றார். கேப்டனுக்கு அந்த வேலைதான் சோறு. நான் உடனே சொல்லிவிட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று. சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, யாரோ உன்னையே திருப்பிக் கேட்டதுபோல.

அப்போதுதான் உன் அம்மா பேசினாள். உனக்கே தெரியும், அவள் கோபத்தில் கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம். “நீங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை சனிக்கிழமை கிளம்பிப் போவீங்க. கதவைச் சாத்தினா எனக்கு நிம்மதின்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க. சரி, அவ சின்னப் பொண்ணு, அப்பாவோட போறான்னு விட்டேன். அவ போயி நாலு வருஷமாச்சு. பக்கத்துல ஒரு சீட்டு காலியா இருக்கு, அதுல பையை வெச்சீங்க. என்னை ஒரு தடவை வர்றியான்னு கேட்டீங்களா?” என்றாள். “உனக்குக் கால்பந்து பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று அவளிடம் கேட்டேன். “எனக்கும் தெரியாது, யாரு கூட்டிட்டுப் போனா?” என்றாள். விலை ஏறியிருக்கிறதே என்று ஒரு முட்டாள்தனமான வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. “நாலு வருஷமா காத்துக்குக் கட்டினீங்க, எனக்குக் கட்ட முடியாதா?” என்றாள். மாமா எழுந்து, வண்டியை வெயிலில் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார். மாலை ஆறு மணிக்கு என்ன வெயில்.

போன சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உன் கார்டைத் தொடவில்லை, கவுன்டரில் தனியாக ஒரு டிக்கெட் வாங்கினோம். விலையைக் கேட்டுவிட்டு உள்ளே இருந்த பெண்ணிடம், “ஆட்டம் முடிஞ்சதும் நாற்காலியையும் கழட்டிக் குடுத்துடுவீங்கல்ல?” என்று கேட்டாள், அந்தப் பெண் பாவம், மேலதிகாரியைக் கூப்பிடப் போய்விட்டது. வாசலில் கேப்டன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். “பின்னாடி வந்துக்கிட்டிருந்தது இவங்கதானா சார்? நல்ல மெதுவாத்தான் வந்திருக்காங்க” என்றார். டிக்கெட்டில் வேறு எண் இருந்தது, அதை யார் பார்க்கிறார்கள், முப்பத்திரண்டில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் வேறு யார் உட்கார்ந்தாலும் எனக்குத் தாங்காது என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் ஆகவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது, உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. முதல் பத்து நிமிஷம் பந்து எந்தப் பக்கம் போனால் நல்லது என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். பதினாறு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் அல்லவா, “யோவ், எங்க கடைக்கு வாய்யா, ஃப்ரேமுக்கு மட்டும் காசு குடு, லென்ஸு நான் போட்டுத் தரேன்” என்று அவள் போட்ட சத்தம், கேலரி காலியாக இருந்ததால் அவருக்கே கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். நம் வரிசை ஆறு பேரும் சிரித்தோம். கடைசி நிமிஷத்தில் கோல் விழுந்தபோது அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நீ போனபிறகு கோல் விழுந்தால் நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன், பிடித்து உலுக்க யாருமில்லை. சட்டையில் ஒரு பொத்தான் போய்விட்டது.

மறுநாள் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதினேன், நான் குற்றம் சாட்டிய பொய்யில் என் பங்கு ஒரு ஆள் என்று, கேப்டனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், என் பெயரை மட்டும் போட்டு. அதை அவர்கள் போடவில்லை. நான் திட்டியதற்கு இருந்த இடம் நான் ஒப்புக்கொண்டதற்கு இல்லை. துறைத் தலைவரைப் போல அந்தப் பத்திரிகையும் இனி நான் மறக்காதவர்கள் கணக்கில்தான்.

படிவத்தில் பெயர் மாற்றம் என்ற கட்டத்தில் அம்மாவின் பெயரை நானே எழுதிவிட்டேன். கீழே, கொடுப்பவர் என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாளாக இதை மேஜைமேல் வைத்துக்கொண்டு உறையில் போடாமல் இருந்தேன். உன் பெயர் போட்ட காகிதம் இந்த வீட்டில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது, ரேஷன் கார்டில் எடுத்தாயிற்று, வாக்காளர் பட்டியலில் எடுத்தாயிற்று, இது ஒன்று மிச்சம் இருந்தது. உனக்கு மனமில்லை என்றால் போடாதே, அப்படியே திருப்பி அனுப்பு, இருக்கையைக் கிளப்பிடமே கொடுத்துவிடுகிறேன், கேப்டனுக்கு ஒன்றும் ஆகாது, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் போட்டால் எனக்குச் சந்தோஷம். மாமாவுக்கு நீயே ஃபோன் செய்து ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடு, எனக்கும் சேர்த்து என்று சொல்ல வேண்டாம், அவர் புரிந்துகொள்வார். இருமலுக்கு டாக்டரைப் பார். குளிர்காலக் காலணி வாங்கு, மலிவாக வாங்காதே. வேலை முடிந்து வரும்போது காதில் எதையும் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்காதே. உடம்பு தேறி, மனசு நிறைந்து, நீ நினைத்தபடி எல்லாம் நடக்க வேண்டும், அது நான் நினைத்தபடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இருபதாம் தேதிக்குள் படிவம் வந்து சேர வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பு. இடத்தைக் கொடுத்துவிட்டார்களே, இனிமேல் எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதே. இந்த விலைக்கு இந்த ஊரில் எவன் வரப்போகிறான், எனக்கு இந்தப் பக்கம் நாலு இருக்கை காலி, அம்மாவுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு இருக்கை காலி. எந்தச் சனிக்கிழமை வந்தாலும், சொல்லாமல் வந்தாலும், உனக்கு இடம் இருக்கும். யார் பக்கம் உட்காருவது என்பதை மட்டும் நீ முடிவு செய்துகொண்டு வா.

ஆசிகளுடன்,
உன் அப்பா
(முப்பத்தொன்றாம் இருக்கை)