பொறியில் ஓர் ஈ

பிப்ரவரி 3, திங்கள்

படகில் ஆறு மாம்பழத்தோடு வந்த பெரியவர், குப்பையில் போட மனமில்லாமல் என் சோதனை மேசை முன் நின்றே மூன்றைத் தின்று தீர்த்தார். கொட்டைகளையும் கேட்டு வாங்கினேன். "இதையுமா? நல்லா இருப்பே தாயி" என்று முறைத்துவிட்டுப் போனார். வெளியூர்ப் பழத்தில் ஒரு புழு வந்தாலும் இந்தத் தீவின் தோட்டங்கள் காலி என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது!

மாலை அண்ணன் வீடு. இருபதாம் தேதி அவன் ஆரஞ்சு முதல்முறையாகக் கப்பலேறுகிறது. என்னைக் கண்டதும், "பூச்சி போலீஸ் வந்தாச்சு, பழத்தையெல்லாம் ஒளிச்சு வை" என்று அண்ணியிடம் கத்தினான். திமிர்.

பிப்ரவரி 6

பூச்சி வருகிறதா என்று பார்க்க அண்ணன் தோட்டத்தில் நாங்கள் மாட்டியிருக்கும் பொறியில் ஓர் ஈ. பழ ஈ. இந்தத் தீவிலேயே இல்லாத ஈ! ஆய்வகம் உறுதி செய்தால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு எல்லாப் பழத்தையும் பறித்துப் புதைக்க வேண்டும்.

பக்கத்தில் யாருமில்லை. பிய்த்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். விதிப்படி, தொடாமல் பசை அட்டையோடு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 7

அண்ணனிடம் சொன்னேன். கத்துவான் என்று பார்த்தால் கத்தவில்லை. "எட்டு வருஷ உழைப்புடி" என்றான், அவ்வளவுதான். அண்ணிதான், "கண்ணுல பட்டதைச் சொல்லித்தானே ஆகணும், நீ என்ன பண்ணுவ? சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிடாமல் ஓடி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8

ஆய்வகத்தில் போனை எடுக்கமாட்டேன் என்கிறார்கள். ஏன்தான் இந்த வேலைக்கு வந்தேனோ!

பிப்ரவரி 10

ஒருவழியாக ஆய்வகத்திலிருந்து போன். "மேடம், இந்த ஈயோட இறக்கைக்கு அடியில நீல மை இருக்கே?"

மை! வேறு யார், எங்கள் மேலதிகாரிதான். பொறிகளை ஒழுங்காகப் பார்க்கிறோமா என்று சோதிக்க, செத்த ஈக்களுக்கு மை தொட்டுப் பத்துப் பொறிகளில் ஒட்டியிருக்கிறார். யாராவது கண்டுபிடித்தால் பயப்பட வேண்டாம் என்று குறிப்பும் எழுதி, அதைத் தன் டிராயரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார் மகானுபாவர். போனில், "ஐயோ, கல்யாண அவசரத்துல மறந்தே போச்சும்மா!"

தோட்டத்துக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். நாற்பத்திரண்டு வயதில்! "அந்த மனுஷனுக்கு ரெண்டு அடி, ஒரு கூடை பழம். ரெண்டும் என் கையாலதான்" என்றான். அண்ணி சிரித்துக்கொண்டே அழுதாள். போன உயிர் வந்தது. இன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

பி.கு. பத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என் ஒரே ஈதான். மற்ற ஒன்பதுக்கும் 'பொறி காலி' என்று கையெழுத்துப் போட்ட சக ஊழியர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

பிப்ரவரி 20

கப்பல் கிளம்பியது. நூற்றுப் பத்துப் பெட்டி!

மார்ச் 2

அண்ணியின் அப்பா படகில் வந்தார். கூட்டிப்போக அண்ணன் துறைக்கு வந்திருந்தான். பெட்டியை அவரே திறந்து காட்டி, நலம் விசாரித்து, சிரித்துக்கொண்டே போனார். பத்தே நிமிடத்தில் அண்ணன் அவருடைய குடையோடு திரும்பி வந்தான். விரித்தால், ஈரத்துணி சுற்றிய எலுமிச்சைக் கன்று! எனக்கே அல்வா கொடுத்திருக்கிறார்.

"மாப்ளே, உங்க தோட்டத்துக்குத்தானே கொண்டுவந்தேன்!" என்று பின்னாலேயே ஓடிவந்தார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறிமுதல் நோட்டை என் பக்கம் தள்ளி, "எழுதிக்கோ" என்றான். மாமனார் பேரை இனிஷியலோடு சொன்னான்.