ஓரமாகப் போகச் சொல்கிறார்கள், அண்ணி

என் சண்டைக்காரி கோமதிக்கு, அம்மா எத்தனை முறை அதட்டியும் நான் ஒழுங்காக அண்ணி என்று கூப்பிடாத என் அண்ணிக்கு,

நலமா என்று கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. வயிறு எரிகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் பள்ளிக்கூட வாசலில் உனக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே வைத்துவிட்டார்கள். விளையாட்டு விழாவில் எடுத்த உன் படம். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஜா மாலையை ஒட்டியிருக்கிறார்கள். அது போகட்டும். கீழே சிவப்பில் கொட்டை எழுத்தில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ‘ஓரமாகச் செல்வோம், உயிரைக் காப்போம்.’

உன் படத்துக்குக் கீழே, கோமதி! ஓரமாகப் போகாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவளின் மூக்குக்குக் கீழே!

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர வந்த ஒரு குழந்தை உன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதன் அம்மா அந்த வாசகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். உன் பெயரில் அந்தக் குழந்தை கற்ற முதல் பாடம் அதுதான். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

நீ பி.டி. டீச்சராக இந்தப் பள்ளிக்கு வந்தபோது நான் ஏற்கெனவே இங்கே தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு அரசாங்க சைக்கிள் வரும். மேடை போடுவார்கள், பேசுவார்கள், போட்டோ எடுப்பார்கள். சைக்கிளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்கு அனுப்புவார்கள். சாலையில் எப்படிப் போவது என்று ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழத்தை நசுக்கியதோடு பாதுகாப்பு முடிந்துவிடும்.

நீதான் முதல் வருடமே கேட்டாய். “நீங்கல்லாம் எங்கடி சைக்கிள் கத்துக்கினீங்க?” பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சாமி புறப்பாட்டு நாளில் வீதியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சாமி அடுத்த வீதிக்குத் திரும்பிய பிறகும் திறந்துவிடக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த வெறும் ரோட்டில்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பெடல் மிதிக்கப் பழகுவது. பூவும் தேங்காய் ஓடும் கிடக்க, ஒரு வண்டி இல்லாமல், அகலமாக, ஜம்மென்று ஓட்டுவார்கள். நானும் அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். உனக்குத்தான் உறைத்தது. “சாமி போற ரோட்டுல கத்துக்கினு லாரி போற ரோட்டுல ஓட்டப் போறீங்களா? பெருமாளா வந்து பிரேக் புடிப்பாரு?” என்று கேட்டாய்.

காலையில் பிரேயருக்கு முன்னால் உன் ரோட்டு வகுப்பு தொடங்கியது அப்படித்தான். உண்மையான ரோட்டில், உண்மையான பஸ்ஸுக்கு நடுவில். பட்டுக்கடைகளின் முன்னால் நிற்கிற கார்களையும் வேன்களையும் காட்டி, கதவு திறந்தால் எவ்வளவு தூரம் வரும் என்று நீயே ஒரு டிரைவரைக் கெஞ்சித் திறக்கச் சொல்லிக் காட்டினாய். “ஓரத்துல மண்ணு இருக்குது, சாக்கடை மூடி இருக்குது, கார் கதவு இருக்குது. ஓரம்னா அது பத்திரம் இல்ல. ஒரு கை நீளம் உள்ள தள்ளிப் போ. நேராப் போ. பின்னால வர்றவனுக்கு உன்னைத் தெரியணும். இடம் இருந்தா நீயே வழி விடு. இல்லாத இடத்துல எவன் கத்தினாலும் விடாத.”

நம் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? பிறந்ததிலிருந்து ஓரமாகப் போ, ஓரமாக நில், ஓரமாக உட்கார் என்றுதானே சொல்கிறோம்?

இப்போது ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? “நடுரோட்டுல ஓட்டக் கத்துக்குடுத்தாங்க, அதான் போய்ட்டாங்க.” உன் காரியத்துக்கு வந்து எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த டம்ளரை நான் பிடுங்கியிருக்க வேண்டும்.

நடந்தது என்னவென்று நான் தேடிப் போய்க் கேட்டுவிட்டேன், கோமதி. நீ விழுந்த இடத்துக்கு எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் பாஷா அண்ணன் பார்த்திருக்கிறார். முதலில் பேசத் தயங்கினார். பிறகு சொன்னார்.

“டீச்சரு அவங்க எடத்துலதாம்மா சைக்கிள்ல போய்க்கினு இருந்தாங்க. ஒரு தப்பும் இல்ல. பின்னால ஒரு வேன்காரன் ஹாரன் மேல வெச்ச கைய எடுக்கவே இல்ல. ரெண்டு தபா திரும்பிப் பாத்தாங்க. அப்புறம், போய்த் தொலையட்டும்னு கொஞ்சம் ஓரம் ஒதுங்கினாங்க. அந்த நேரம் பாத்து, கல்யாணப் பொடவை எடுக்க வந்த கார்ல டக்குனு கதவைத் தொறந்துட்டாங்கம்மா.”

ஓரம் ஒதுங்கியதால்தான் நீ செத்தாய். நடுவில் போனதால் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு உன் மேல்தான் முதல் கோபம். ஏன்டி ஒதுங்கினாய்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விடாதே என்று சொல்லிவிட்டு நீ ஏன் விட்டாய்? அலுத்துப் போயிருந்தாயா? காலையில் அண்ணனோடு ஏதாவது வாக்குவாதமா? அல்லது, இத்தனை வருடம் படித்துப் படித்துச் சொன்னாலும், பின்னால் ஒருவன் அதட்டினால் ஒதுங்கிவிடுவது நம் உடம்பிலேயே ஊறிக் கிடக்கிறதா? பதில் சொல்ல நீ இல்லை. இரவும் பகலும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கதவைத் திறந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார்களாம், பிறகு புடவை எடுக்க நல்ல நேரம் போகிறது என்று போய்விட்டார்களாம். ஹாரன் அடித்த வேன் நிற்கவே இல்லை. உன்னைக் கொன்றவர்களைக் கேள்வி கேட்க இந்த ஊரில் ஆள் இல்லை. சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளைத் தடுக்க மட்டும் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

நீ செத்த வாரமே ரோட்டு வகுப்பு நின்றது. அடுத்து, எந்தப் பிள்ளையும் சைக்கிளில் வரக்கூடாது, வந்தால் கேட்டுக்குள் விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. நான் ஹெச்.எம். அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். பயந்துவிட்டார்.

“எனக்கு மட்டும் ஆசையா செல்வி? நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“இப்ப கோமதிக்கு யாரும்மா பதில் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

அந்த உத்தரவில் முதலில் அடிபட்டது பிரியா. முசரவாக்கத்துப் பெண், உன் ரோட்டு வகுப்பில் கடைசி ஆளாக வந்து எல்லோருக்கும் காவலாக ஓட்டுவாளே, அவள்தான். அவள் ஊருக்கு வரும் பஸ்ஸை நம்பி முதல் பீரியடுக்கு வர முடியவில்லை. பல நாள் லேட், சில நாள் லீவு. பன்னிரண்டாம் வகுப்புக்கு அனுப்பாமல் அவள் படிப்பை நிறுத்திக் கம்பெனி வேலைக்கு அனுப்பப் போவதாக, விடுமுறை தொடங்கியபோதே காதில் விழுந்தது. ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் படிப்பின் அருமையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“கம்பெனி பஸ்ஸு வூட்டாண்ட வந்து ஏத்திக்கினு போவுது டீச்சர். உங்க ஸ்கூலு, இருக்கிற சைக்கிளையும் வராதங்குது. நான் என்னா பண்றது? கோமதி டீச்சரு சொன்னா நான் அனுப்புவேன். ஏன்னா அவங்க கூட ஓட்டிக்கினு வருவாங்க. நீங்க ஆட்டோல வந்து சொல்லிட்டு ஆட்டோல போயிடுவீங்க. எம் பொண்ணுகூட ரோட்டுல நீங்க வருவீங்களா?”

சுருக்கென்றது. இதுவரை எனக்கு யாரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அரிச்சந்திரன் போல உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“எனக்கு ஓட்டத் தெரியாதும்மா.”

உள்ளேயிருந்து பிரியா சிரித்த சத்தம் கேட்டது. “நான் கத்துத் தரேன் டீச்சர்” என்று வெளியே வந்தாள்.

சிரிக்காதே. கோடை முழுக்க நடந்த கூத்தை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த உன் சைக்கிளை அண்ணன் துணி போட்டு மூடி வைத்திருந்தது. கேட்டேன். முடியாது என்றது. மறுநாள் தறியிலிருந்து பாதியில் எழுந்து வந்து, வளைந்த ஹேண்டில் பாரை நிமிர்த்தி, என் உயரத்துக்கு சீட்டை இறக்கிக் கொடுத்தது. விடுமுறையில் கேட்டில் காவல் இல்லாத பள்ளி மைதானத்தில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்த வயதில், முட்டி பெயர்ந்து நான் பழகினேன். பிரியா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். ரோட்டுக்கு இறங்கிய முதல் நாள் நான் பயந்து சாக்கடைப் பக்கமே ஒட்டிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து ஒரு கத்தல். “உள்ள வாங்க டீச்சர்! அங்க இன்னா இருக்குதுன்னு ஒண்டிக்கினு போறீங்க?”

அசல் உன் குரல். உன் அதட்டல். கண்ணீரில் ரோடு தெரியவில்லை, காலை ஊன்றி நின்றுவிட்டேன்.

இப்படியெல்லாம் பாடுபட்டுப் பழகி, பள்ளி திறந்த அன்று வந்தால், வாசலில் அந்த ஃபிளெக்ஸ். இப்போது புரிகிறதா எனக்கு ஏன் பற்றி எரிந்தது என்று?

ஹெச்.எம். அம்மாவிடம் எடுக்கச் சொன்னேன். பட்டுக்கடைக்காரர்கள் சேர்ந்து அன்பாக வைத்தது, எடுத்தால் மனசு சங்கடப்படுவார்கள் என்றார். அன்பாம்! கடை வாசலில் கண்டபடி நிறுத்தும் கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்ல வராத அன்பு, உன் படத்தைத் தூக்கிக் கட்ட மட்டும் வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, பிள்ளைகள் உள்ளே நுழைகிற நேரம், அண்ணன் பள்ளி வாசலுக்கு வந்தது. கையில் பாவு நூல் அறுக்கிற கத்தரி. யாரைக் கண்டாலும் பயந்து ஓரமாகவே போகிற மனுஷன், நீ சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் ‘ஓரமாப் போம்மா’ என்று சொல்லி உன்னிடம் திட்டு வாங்கிய மனுஷன். ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டு ஏறியது. உன் படத்துக்குக் கீழே கத்தரியை வைத்து அந்த எழுத்தை மட்டும் நீளமாக வெட்டி எடுத்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார்.

“இன்னாபா பண்ற?”

“அவ சொல்லாததை அவ பேர்ல போட்டா எப்டிபா? படம் இருக்கட்டும். எழுத்து வாணாம்.”

கோணலில்லாமல்தான் வெட்டியது. ஹெச்.எம். அம்மா மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. பிரேயர் முடிந்து என்னைக் கூப்பிட்டார். பிரியா உட்பட சில பெண்களின் அம்மாக்கள் வந்து, எங்கள் பிள்ளைகள் சைக்கிளில்தான் வருவார்கள், டீச்சர் கூட வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். “திங்கட்கிழமையிலேர்ந்து கேட்டைத் திறக்கச் சொல்றேன். ஆனா நீ கூட வரணும் செல்வி. ஒரு நாள் வந்துட்டு நின்னுடக் கூடாது” என்றார்.

பிரியாவின் அம்மா கம்பெனிக்கு வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லையாம். “திங்கட்கிழமை பாக்கறேன் டீச்சர்” என்று மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் வருகிறேனா என்று பார்க்கப் போகிறாள். பார்க்கட்டும்.

என் கோபம் தீரவில்லை, கோமதி. தீரவும் வேண்டாம். அது இருந்தால்தான் தினமும் விடிகாலையில் எழுந்திருப்பேன். திங்கட்கிழமை முசரவாக்கத்திலிருந்து பிள்ளைகள் முன்னால் வருவார்கள், நான் கடைசியில் வருவேன். நீ விழுந்த இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், வேறு வழி கிடையாது. அங்கே கார்கள் நிற்கும். பின்னால் எவனாவது ஹாரனில் கையை வைப்பான். எனக்குப் பயமாகத்தான் இருக்கும், உடம்பு தானாக இடது பக்கம் சாயப் பார்க்கும். சாய மாட்டேன். அந்த இடத்தில் மட்டும், நீ ஒதுங்கிய அந்த இடத்தில் மட்டும், செத்தாலும் ஒதுங்க மாட்டேன். அவன் காத்திருக்கட்டும். என் முன்னால் பிள்ளைகள் போகிறார்கள்.

உன் சைக்கிளில் வரும்,
உன் நாத்தனார்,
செல்வி