பேத்தி வயிற்றில் இரண்டு கொப்புளம்

மார்ச் 3
எழுதப் படிக்கக் கற்று நாலு மாதம். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, இருந்தாலும் சந்தோஷம். இன்று 'கொப்புளம்' என்ற சொல் அடித்தல் இல்லாமல் வந்துவிட்டது. எழுதும் காரணம்தான் நல்லதாயில்லை. பேத்திக்கு இரண்டு வயது, பகலெல்லாம் என்னிடம்தான். குளிப்பாட்டும்போது பார்த்தேன். வயிற்றில் இரண்டு. வட்டமாக, உள்ளே மஞ்சள் நீர்.

முப்பது வருடம் வெல்டிங் பட்டறையில் இருந்தவன். மருமகள் வேலை விட்டு வந்ததும் பெரிய நிபுணன் மாதிரி, "சூடு பட்ட கொப்புளம்மா இது" என்றேன்.

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். சிகரெட் பெட்டி.

"வீட்ல நெருப்பு யார் கையில மாமா இருக்கு?"

மார்ச் 4
லீவு போட்டுவிட்டாள். சூட்டுக் களிம்பு தடவுகிறாள். பிள்ளையை என்னிடம் தரவில்லை. "விடுங்கப்பா, ரெண்டு நாள்" என்கிறான் மகன்.

சிகரெட்டை வாசலில்தான் பிடிப்பேன், பேத்தி தூங்கும்போதுதான். ஆனால் முந்தா நாள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாளே. அப்ப கையில இருந்துச்சா? அணைச்சிட்டேனா? ஞாபகமே வரமாட்டேங்குதே.

மார்ச் 5
பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 6
முதுகில் புதிதாக மூன்று, அக்குளில் ஒன்று. காய்ச்சல். நான் மூணு நாளா தொடவே இல்ல. அப்பாடா, நான் இல்லை என்று மனசு ஒரு நொடி துள்ளியது. பிள்ளை அங்கே அழுகிறாள். நீயெல்லாம் ஒரு தாத்தாவா?

டாக்டரம்மா பார்த்ததும் சொன்னார்: "சூடு இல்ல, கிருமி. சின்னக் கீறல் போதும், உள்ள பூந்துரும். மூணு நாள் முன்னாடியே வந்திருக்கலாமே. யாரு சூடுன்னு சொன்னது?"

மருமகள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள்.

மருந்து, வேறு களிம்பு. துண்டு தனி, துணியெல்லாம் கொதிநீரில். தோல் உரிந்தால் உடனே தூக்கி வரவேண்டுமாம்.

மார்ச் 7
காய்ச்சல் குறையவில்லை. உரியுதா, உரியுதா என்று கதவோரம் நின்றே பார்க்கிறேன். என் வாய்தான் மூன்று நாளைத் தின்றது.

மார்ச் 9
காய்ச்சல் விட்டது. கொப்புளம் உடைந்து மெல்லிய பக்கு கட்டியிருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை. இருமுறை எண்ணினேன்.

மார்ச் 11
மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது களிம்பை என் கையில் வைத்தாள்.

"சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத் தடவுங்க மாமா. நகத்தையும் வெட்டிருங்க, சொறிஞ்சா பரவும்."

"யார் நகத்தை?"

"ரெண்டு பேர் நகத்தையும்."

முதலில் என்னுடையதை வெட்டினேன். பேத்தி மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.