ஓரடி நகராமல் பெரம்பலூர் போன சைக்கிள்

கீழப்பழுவூர்,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

ஏழு கடலுக்கும் அந்தப் பக்கம், நகோயா பட்டணத்தில் கார் பாகம் பூட்டிக்கொண்டிருக்கும் எங்கள் குலக்கொழுந்து, அன்பு மகள் பூங்குழலிக்கு, கீழப்பழுவூர் கோட்டைக்கும் கொத்தளத்துக்கும் அதிபதியான உன் சித்தப்பன் பாவாடை ஆசி கூறி எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் அனைவரும் இங்கே நலம் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும், ஐந்து மாதமாக போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆனால் காகிதத்தில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே பூமி சாட்சியாக, ஆகாயம் சாட்சியாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவன் நம்பாது. நீ போர்வை போர்த்தி, யாரும் தொடக்கூடாது என்று ஆணையிட்டு, சுவரில் மாட்டிவிட்டுப் போன உன் ரேஸ் சைக்கிள் ஓரடி கூட நகராமல் கீழப்பழுவூரிலிருந்து பெரம்பலூருக்கு நாற்பத்தோரு தடவை போய்த் திரும்பியிருக்கிறது. வண்டி ஓட்டியவர் உன் அப்பா. கண்டக்டர் நான்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பாப்பாகிட்ட ஒத்த வார்த்த சொல்லக்கூடாதுடா என்று உன் அப்பா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். போன் என்றுதான் சொன்னார். தபாலைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இருபத்தெட்டு வருஷம் நேர்ரோட்டில் பஸ் ஓட்டிய மனிதருக்கு என்னுடைய சந்துபொந்து எப்படித் தெரியும்? மனசைத் திடப்படுத்திக்கொள் தாயி. மாசி மாதம் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், கால் சுளுக்கு என்று சொன்னோமே, வழுக்கவும் இல்லை, சுளுக்கும் இல்லை. பக்கவாதம். இடது கை, இடது கால், வாயின் இடது ஓரம். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதை முதலில் பிடித்துக்கொள். ஐந்து மாதமாக நீ வீடியோவில் பார்த்தது உன் அப்பாவின் வலது பாதியை மட்டும்தான். கதவு நிலையை ஒட்டி அவரை உட்காரவைத்து, இடது பக்கத்தை நிலைக்கு மறைத்து, போனைச் சாய்த்துப் பிடித்தவன் நான். பேச்சு குழறும்போதெல்லாம் டவர் சரியில்ல பாப்பா என்று குறுக்கே விழுந்தவனும் நான்தான். டவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறது. பாவத்தை எல்லாம் என் கணக்கில் எழுதிக்கொள். உன் அம்மா மேல் கோபப்படாதே, அண்ணி ஒவ்வொரு முறையும் போனை வைத்தபிறகு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஏன் மறைத்தோம் என்றால் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. அவ கேட்டா ஓடியாந்துருவாடா, ஒப்பந்தம் இன்னும் பதினாலு மாசம் கெடக்கு, பாதியில வந்தா திரும்ப உள்ள வுடமாட்டானுவ, எங்கால் போனதுக்கு அவ காலையும் ஒடிக்கணுமா என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன், நாலு மாசத்தில் எழுந்துவிடுவார் என்ற தைரியத்தில். பெரம்பலூரில் சத்யப்பிரியா என்று ஒரு பிசியோதெரபி பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், பொறுமையில் பூமாதேவிக்கு அக்கா. முதல் ஆறு மாசத்துல வர்றதுதாங்க பெரும்பாலும் வரும், அதுக்கப்பறம் வந்தாலும் ரொம்ப மெதுவாத்தான் வரும், விடாம வேலை குடுங்க என்று சொல்லி, மோட்டார் வைத்த ஒரு பெடல் மிஷினில் அவர் காலைக் கட்டி ஓடவிட்டது. கால் தானாகச் சுற்றியது. அன்றைக்குப் பத்து நிமிஷம் அவர் முகத்தில் நான் பார்த்தது ஆசை. ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோ கிடைக்கவில்லை, பஸ்ஸில் ஏற்றினோம். அவர் ஓட்டிய அதே ரூட். அவரிடம் வேலை கற்ற பையன்தான் ஸ்டியரிங்கில் இருந்தான். அண்ணே அண்ணே என்று ஓடிவந்து, இரண்டு பேராக அவரை நெல்மூட்டை மாதிரி தூக்கி முன்சீட்டில் வைத்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அரியலூர் வரும்வரை உன் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வந்தார். அதோடு சரி. பஸ் வேண்டாம், கார் வேண்டாம், பெரம்பலூரே வேண்டாம். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் வலது காலைக்கூட அசைக்க மாட்டேன் என்றார். கிளட்ச்சு காலே போயிருச்சு, இனிமே என்னாத்தடா ஓட்றது என்பார். சத்யப்பிரியா எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இல்லை. ஒரு நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, எனக்கு ஒரு வழி பண்ணிவுட்டுர்றா தம்பி, ஒன்னால முடியும் என்றார். நான் வழக்கம்போலச் சிரித்து, பண்ணிட்டாப் போச்சு, அமாவாசை கழியட்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு ஊரை விலைக்கு வாங்கும் அளவுக்குப் பொய் வைத்திருப்பவன் நான், அன்றைக்கு என்னிடம் ஒன்றுகூட இல்லை கண்ணு.

அப்போதுதான் உன் சைக்கிள் கண்ணில் பட்டது. இனி வருவது குற்ற ஒப்புதல். உன் கியர் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. அரியலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிங்காரவேலு, பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருந்த ஏழு பல்சக்கரத்தையும், செயினைத் தள்ளி மாற்றுகிற அந்தக் கொக்கி எலும்பையும் உருவிப்போட்டுவிட்டு, சாதா சைக்கிளில் போடும் ஒற்றைப் பிரீவீலைப் பூட்டி, செயினில் பாதியை வெட்டி எறிந்து, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கேற்றினார். கழற்றியதெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி ஒரு துணியில் கட்டி உன் அலமாரியில் இருக்கிறது, நீ வந்து என்னை அடிக்கும்போது கணக்கு பார்த்துக்கொள்ளலாம். நான் போட்ட திட்டம் என்னவென்றால் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அவர் காலைப் பெடலில் கட்டி, பின்சக்கரத்தை நான் கையால் சுற்றுவது. அவர் மாட்டேன் என்றாலும் கால் சுற்றியே ஆகவேண்டும். கட்டினேன், சுற்றினேன். சக்கரம் சூறாவளியாகச் சுற்றுகிறது, பெடல் அசையவே இல்லை. உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சிங்காரவேலுவிடம் திரும்ப ஓடினால், பிரீவீல் இருக்கற வரைக்கும் பெடல்தாண்ணே சக்கரத்தைச் சுத்தும், சக்கரம் பெடலைச் சுத்தாது, மொதல்லயே கேட்டிருந்தா சொல்லிருப்பன்ல என்கிறார். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு லாரிப் பட்டறைக்குப் போய் பிரீவீலை அசையாதபடி வெல்டிங் வைக்கச் சொன்னேன். வெல்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யோவ் பெருசு, இத ஓட்டுனா காலை நிறுத்தவே முடியாது, எறக்கத்துல முட்டியப் பேத்துரும் என்றான். நிறுத்தாம இருக்கத்தான்டா ராசா என்றேன். அங்கேயே குப்பையில் கிடந்த லாரி டிரைவர் சீட்டு ஒன்றையும் கேட்டு வாங்கி, நாலு இரும்புக்கால் வைத்துச் சைக்கிள் மேலே கவிழாதபடி நிறுத்தினோம். முதுகுக்குச் சாய்மானம், இடுப்புக்குத் துண்டு, இடது பக்கம் காவலுக்கு அண்ணி. அதில் அவரை உட்காரவைத்தபோது உலகத்து ராஜாக்கள் எல்லாம் தத்தம் சிம்மாசனத்தை விற்பனைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி.

இந்தத் தடவை சக்கரத்தைத் தள்ளினால் பெடல் சுற்றியது, இரண்டு காலும் கூடவே போயின. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நான் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் சக்கரம், ஒரு கையில் விசில். அரியலூர் எறங்கு, பேரளி எறங்கு, பெரம்பலூர் போறவங்க உள்ள போங்க என்று கத்துவேன். எங்கள் பஸ்ஸில் முந்நூறு பேர் ஏறினார்கள், கூரை மேல் ஆட்டுக்கிடா ஏறியது, எதிரே வந்த சிமெண்டு லாரிகள் ஓரங்கட்டி வணக்கம் வைத்தன. டிரைவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வருவார். இடது கால் சும்மா கூட வரும், கயிற்றில் கட்டின விறகு மாதிரி. இப்படி நாற்பது நடை. சத்யப்பிரியா போனில், சுத்துறது நல்லதுதாங்க, ஆனா அவரா ஒரு தடவையாச்சும் அழுத்தணும் என்றது. காலண்டரைப் பார்த்தால் ஆறு மாதத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை நாற்பத்தோராவது நடை. வலது கணுக்கால் துண்டு உரசிப் புண்ணாகியிருந்ததால் அந்தக் காலை அவிழ்த்து ஒரு பலகை மேல் வைத்துவிட்டோம், இடது கால் மட்டும் பெடலில். பேரளி வந்ததும் வழக்கம்போல இரண்டு விசில் ஊதினேன். கண்ணைத் திறந்தார். மாதக்கணக்கில் வராத அதட்டல் குரல், குழறலோடு வருகிறது. நிறுத்தறதுக்கு ஒத்த விசில்டா முட்டாப்பயலே, ரெண்டு ஊதுனா எடுத்துக்கிட்டுப் போயிருவான், நாப்பது நடையா ஒருத்தனையும் எறங்க வுடாம பண்ணிக்கிட்டு கெடக்க என்றார். பூங்குழலி, என்னை இதுவரை யாரும் அவ்வளவு அழகாகத் திட்டியதில்லை. நான் ஒற்றை விசில் ஊதினேன். உடனே உன் அப்பா கட்டை அறுத்துக்கொண்டு எழுந்து, முற்றத்தை மூன்று சுற்று நடந்து, கீழப்பழுவூர் கோயில் வரைக்கும் போய், வழியில் இரண்டு பேருக்கு நலம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இப்படி எழுதி உறையை ஒட்டிவிடலாம் என்றுதான் நேற்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நடக்கவில்லை கண்ணு. எழுந்திருக்கக்கூட இல்லை. திட்டிய பிறகு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் நேற்றும் இன்றும் சீட்டில் ஏற மறுக்கிறார். எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் காட்டியாகிவிட்டது. அவர் மறைவது ஊரிடமிருந்து இல்லை, உன்னிடமிருந்து. அரை முகத்தைக் காட்டிக் காட்டி, தானே அரை ஆள்தான் என்று நம்பிவிட்டார், அந்தப் போனைச் சாய்த்துப் பிடித்த பாவி நான். வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை, உன் ஒப்பந்தம் எனக்குத் தெரியும். வராதே என்று எழுதவும் மனசு வரவில்லை. உன் இஷ்டம். ஆனால் ஒன்று செய். கடிதம் கிடைத்த அன்றைக்கே வீடியோவில் கூப்பிடு. நான் டவரைப் பற்றி ஏதாவது உளறுவேன், காதில் வாங்காதே. அப்பா, இந்தப் பக்கம் திரும்புங்க, முழுசாப் பாக்கணும் என்று நீ சொல்லு. அழுதாலும் பரவாயில்லை, திட்டினால் இன்னும் நல்லது, திட்டினால்தான் எங்கள் வம்சத்துக்கு ரத்தம் ஓடும். அப்புறம் அவரை வண்டி எடுக்கச் சொல்லு. யார் சொல்லியும் ஏறாதவர் நீ சொன்னால் ஏறுவார்.

குளிர்காலம் வந்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பச்சை மீனைத் தின்னச் சொன்னால் விரதம் என்று சொல்லிவிடு. நம் குலதெய்வம் உனக்குத் துணையாக அந்தத் தேசம் வரைக்கும் வரட்டும், அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. நூறு வருஷம் நன்றாயிரு. வலது பக்கம் மட்டும் காட்டினால் போனை வைத்துவிடாதே, மறந்துவிடாதே. முந்நூறு பயணிகள், ஆட்டுக்கிடா, வணக்கம் வைத்த லாரிகள், கோயில் வரை நடந்தது எல்லாம் என் கைச்சரக்கு. ஒன்று மட்டும் பொய் இல்லை. ஒற்றை விசில் ஊதியபோது என் வலது கை பின்சக்கரத்தின் மேல் இருந்தது. வண்டியை நிறுத்தும் டிரைவருக்கு இடது கால் கேட்காமலே கிளட்சுக்குப் போகும். அவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற அண்ணிக்கும் தெரியாது, கண்ணால் பார்க்கும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் தள்ளாமல் அந்தச் சக்கரம் என் உள்ளங்கையைத் தள்ளியது. ஒரே ஒரு தடவை, நாலு விரல் அளவு. அது நிஜம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்,
பாவாடை.