பூங்காவுக்குள் எடுத்த அறை

சனிக்கிழமை, இரவு பதினொன்றரை.

அவரும் மகள் அபியும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வரும்போது சுசீந்திரத்தில் அக்கா வீட்டில் தங்கலாம் என்றுதான் அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. உள்ளேயே அறை எடுத்தால் நாலு வயதுப் பிள்ளை மத்தியானம் வந்து தூங்கலாமே என்று பிடிவாதம் பிடித்தேன்.

இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் படுத்தோம். யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு விழித்தேன். கதவு திறந்து கிடந்தது. துப்புரவு வேலை செய்கிற அம்மா ஒருத்தி அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அபியின் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எம்மா, ஒங்க பிள்ளையா? நீச்சல் குளத்துப் படியில தனியா எறங்கிட்டு நிண்ணா. நான் மட்டும் பாக்கலேன்னா..." அவளுக்கும் மூச்சு வாங்கியது.

அபியை வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

ராத்திரி படுக்கும்போது அவர் சொன்னார். "நல்ல வேள, உள்ள தங்கினோம். அக்கா வீடுன்னா வாசல்லயே பஸ் ரோடு. நீ சொன்னதுதான் சரி, கேட்டியா."

அபிதான் தாழ்ப்பாளைத் திறந்தாள் என்று நினைக்கிறார். அது அவளுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. கடைசியாக உள்ளே வந்தது நான். போட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

நாளைக்கும் இங்கேதான் தங்கல். காலையில் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால்...

அபியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.