உங்கள் கதிரையும் பதினைந்து விநாடியும்

இஞ்சேருங்கோ,

காரின் பின்கதவைத் திறந்தால் உங்கள் மடக்குக் கதிரையில் இன்னமும் வேப்பெண்ணெய் மணக்கிறது. முழங்காலுக்குப் பூசிய கையை அதில்தானே துடைப்பீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம். வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை அதை மூலையில் போடக்கூடாது என்று நானே ஒரு சட்டம் வைத்து, பேத்தி தாரணி விளையாடும் ஸ்டுட்கார்ட் மைதானத்துக்கு இரண்டு கதிரையையும் தூக்கிக்கொண்டு போகிறேன்.

உங்களுக்கு பேஸ்போல் பிடித்ததே அது ஆறுதலாக நடப்பதால்தான். பந்து எறிவதற்கு முன் பிள்ளை உங்களைப் பார்ப்பாள். நீங்கள் கச்சான்கடலையை மென்று முடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் தலையாட்டுவீர்கள். பிறகுதான் எறிவாள்.

"இதுக்குள்ள நான் ஒரு புட்டு அவிச்சு இறக்கிப்போடுவன்" என்பேன்.

"அவசரத்தில எறியிறது கல்லு, பந்தில்லை" என்பீர்கள்.

இந்த வருடம் மைதானத்தில் மணிக்கூடு வைத்துவிட்டார்கள். ஆட்டம் இழுபடக்கூடாதாம். பதினைந்து விநாடிக்குள் எறியாவிட்டால் மற்றப் பக்கத்துக்கு இலாபம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்தச் செம்மஞ்சள் இலக்கம் இறங்குவது விளங்குகிறது. எங்கள் கெட்டிக்காரியோ வெறும் கதிரையைப் பார்த்தபடி நின்றாள். மூன்று தரம் நேரம் போனது. அடுத்த ஆட்டமும் இப்படியென்றால் வேறு ஆளைப் போடுவேன் என்று ட்ரெய்னர் சொல்லிவிட்டார்.

தலையாட்ட ஒரு ஆள் இல்லாததுதான் குறை என்று நினைத்து, அடுத்த ஞாயிறு நானே உங்கள் கதிரையில் போய் இருந்தேன். நல்ல வெயில். முதுகு மட்டும் ஈரச்சீலை பட்டதுபோல் குளிர்ந்தது. தலையாட்டினேன். பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. எறியவில்லை. இலக்கம் பூச்சியத்துக்கு வந்தது.

இடைவேளையில் ஓடி வந்தாள்.

"அம்மம்மா, எழும்புங்கோ."

"ஏனடி, நான் தலையாட்டினன்தானே?"

"அம்மப்பாவுக்கு மேல இருக்கிறீங்கள். அவருக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு."

கடைசி நாளில் உங்களுக்கு மூச்சு அடைத்ததை நாங்கள் அவளுக்குச் சொன்னதேயில்லை.

எழும்பி என் கதிரைக்கு வந்தேன். அதன் பிறகு ஒரு பந்துக்கும் நேரம் போகவில்லை. நாலு விநாடி இருக்க எறிந்தாள், மூன்று இருக்க எறிந்தாள். ட்ரெய்னர் கைதட்டினார்.

என்னோடு நாற்பது வருடம் இருந்தும் ஒன்றையும் கெதியாகச் செய்யாத மனிதன், பேத்திக்காகக் கெதியாகத் தலையாட்டப் பழகிவிட்டீர்கள். எனக்குப் பெருமைதான். அவள் என் வலப்பக்கம் பார்க்கும்போதெல்லாம் நான் நேரே பார்த்தபடி இருக்கிறேன். திரும்ப ஆசையில்லாமல் இல்லை. திரும்பினால் நீங்களும் என்னைப் பார்ப்பீர்கள். அதற்குள் பிள்ளையின் நேரம் போய்விடும்.